எட்டு மூலை முத்திரை

பெட்டிக்காரருடைய பட்டறையில் ஓர் அட்டைப்பெட்டி நிற்குமா, படுத்துவிடுமா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவருடைய மச்சானிடம் இருந்தது. அதற்காக மச்சான் எதுவும் படித்ததில்லை. நூற்று நான்கு கிலோ எடை ஒன்றுதான் அவருடைய தகுதி. புது மாதிரிப் பெட்டி தயாரானதும் அதைக் காலியாக மூடி ஒட்டி, மேலே ஒரு பலகையைப் போடுவார்கள். மச்சான் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூல் வழியாக அதன்மேல் ஏறுவார். அவருக்கு இரண்டு பக்கமும், பெட்டிக்குக் கம்பிப் பின் அடிக்கிற ஆட்கள் இருவர் ஏறிக்கொள்வார்கள். மூன்று பேரும் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு, போட்டோவுக்கு நிற்பதுபோல நிற்பார்கள். மொத்தம் இருநூற்று நாற்பது கிலோ.

"மாமா, அசையல," என்பார் மச்சான்.

"அப்ப எறங்குங்க மாப்ளே, வேலை கெடக்கு," என்பார் பெட்டிக்காரர்.

பதினேழு வருஷம் இப்படித்தான் ஓடியது. எந்தக் கிடங்கிலிருந்தும் ஒரு பெட்டி நசுங்கியதாகத் தகவல் வந்ததில்லை.

பிறகு ஊருக்கு மலை கம்பெனி வந்தது. அதன் பெட்டிகளில் மலை படம் போட்டிருக்கும் என்பதால் அந்தப் பெயர். பெட்டிக்காரருடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நழுவினார்கள். கடைசியில் மிஞ்சியது மருந்துக் கம்பெனி ஒன்று. அதுவும் போனால் பட்டறையை இழுத்து மூடவேண்டியதுதான். மலை கம்பெனிக்காரர் ஒருவர் ஒருநாள் பட்டறைக்குள்ளேயே வந்து, டேப்பை விரித்துக் கூடத்தின் நீள அகலத்தை அளந்துகொண்டு போனார். எதற்கு என்று கேட்டபோது, "சும்மா, பின்னால உபயோகப்படும்," என்று சிரித்தார். பசை மேசையில் உட்கார்ந்திருந்த பெட்டிக்காரர் மனைவி, அவர் போனபிறகு அவர் நின்ற இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள்.

மருந்துக் கம்பெனி மேலாளர் நல்ல மனிதர். ஆனால் காகிதத்தை நம்புகிறவர்.

"உள்ள கண்ணாடி பாட்டில். ஒரு பெட்டி பதினாறு கிலோ. கிடங்குல எட்டு அடுக்கு. அடிப்பெட்டி மேல ஏழு பெட்டி உக்காரும். மழை ஈரம், லாரி குலுக்கல் எல்லாத்தையும் சேத்து நானூறு கிலோ தாங்கணும்," என்றார்.

"தாங்கும் சார். எங்க மச்சான் ஏறி…"

"உங்க மச்சான் சான்றிதழ் குடுப்பாரா?"

பெட்டிக்காரர் யோசித்துப் பார்த்தார். மச்சானுக்கு எழுத்து அவ்வளவு நன்றாக வராது.

"நிலையத்துல சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அடுத்த மாசம் அவங்க வெள்ளி விழா வருது. அன்னிக்குள்ள கொண்டுவந்தா ஒப்பந்தம் உங்களுக்கு. இல்லேன்னா மலை கம்பெனிக்கு."

நிலையம் என்றால் அட்டைப்பெட்டி வலிமை நிர்ணய நிலையம். மூன்று மாடி, நாற்பத்தாறு ஊழியர்கள், ஓர் அழுத்தும் இயந்திரம். இயந்திரத்துக்கு ஓர் ஆள் போதும். மீதி நாற்பத்தைந்து பேரும் அந்த ஓர் ஆளை மேற்பார்வை பார்த்தார்கள்.

பெட்டிக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஐந்து மாதிரிப் பெட்டிகளோடு போனார். முதல் ஜன்னலில் பெட்டிகளை வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் ஜன்னலில், பெட்டிகளை வாங்கிக்கொண்டது உண்மைதானா என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்றாம் ஜன்னலில் இருந்தவர், "பெட்டிக்கு ஒருநாள் ஓய்வு குடுக்கணும். நாளைக்கு வாங்க," என்றார்.

"ஓய்வா?"

"பின்ன? எங்கெங்கயோ வெயில்ல, ஈரத்துல அலைஞ்சிட்டு வந்திருக்கும். இருபத்துமூணு டிகிரி குளிர்ல, பாதி ஈரப்பதத்துல இருபத்துநாலு மணி நேரம் வச்சாத்தான் அதோட உண்மையான குணம் வெளியில வரும்."

இதில் ஞாயம் இருப்பதாகவே பெட்டிக்காரருக்குப் பட்டது. ஓய்வறையின் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். கட்டடத்திலேயே குளிர்சாதனம் ஒழுங்காக ஓடிய அறை அது ஒன்றுதான். அதனால் அவருடைய ஐந்து பெட்டிகளுடன் பதினொரு அதிகாரிகளும் அங்கே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய உண்மையான குணம் வெளியில் வந்துகொண்டிருந்தது. மூன்று பேர் குறட்டை விட்டார்கள்.

மறுநாள் முடிவு வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ. தகுதியில்லை.

"சார், எங்க பட்டறையில மூணு பேர் இது மேல நின்னாங்க. இருநூத்தி நாப்பது கிலோ. அசையல," என்றார் பெட்டிக்காரர்.

சோதனை அதிகாரி அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "மனுஷன் பொய் சொல்லுவான். இயந்திரம் சொல்லாது."

"எடை பொய் சொல்லுமா சார்?"

"அது எடை பாக்கற துறை. நாங்க அழுத்தற துறை."

பெட்டிக்காரர் திரும்பி வந்து இன்னும் கனமான தாள் போட்டு ஐந்து அடுக்கில் செய்தார். இருநூற்றுப் பத்தொன்பது. பட்டறையில் இருந்ததிலேயே உயர்ந்த தாளைப் போட்டு, ஏழு அடுக்கில், ஒரு வாரம் உட்கார்ந்து செய்தார். இருநூற்று முப்பது. அந்தப் பெட்டியின் சுவர் கட்டில் பலகை மாதிரி இருந்தது. அதையும் நிலையம் காகிதப் பொட்டலம் என்று சொல்லிவிட்டது.

அவருக்குத் தன் கைமேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பசையை மோந்து பார்த்தார். தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மச்சானை மறுபடி ஏறச் சொன்னார்.

"நான் ஏற மாட்டேன் மாமா."

"ஏன் மாப்ளே? இத்தனை வருஷமா ஏறுனீங்களே?"

"அப்ப தெரியாது, ஏறுனேன். இப்ப நிலையமே சொல்லிடுச்சு. விழுந்தா எனக்கு இடுப்பு போயிடும்."

"உன் இடுப்பு எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவே ஒரு நிலையம் வேணும். ஏறுடா!" என்றாள் அவருடைய அக்கா, பசை மேசையிலிருந்து.

மச்சான் ஏறினார். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பெட்டி அசையவில்லை.

"என்னங்க," என்றாள் மனைவி. "இங்க நிக்குது. அங்க படுக்குது. நடுவுல என்னமோ நடக்குது. பெட்டியைக் குடுத்துட்டு உடனே வராதீங்க. நின்னு பாருங்க."

நான்காவது தடவை பெட்டிக்காரர் பழைய ஐந்தடுக்குப் பெட்டிகளையே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போகிறவர்போல நடைபாதை ஓரமாக ஒதுங்கி நின்றார். பெட்டிகள் ஓய்வறைக்குப் போகும் வழியில் ஓர் இருட்டறைக்குள் நுழைந்தன. உள்ளேயிருந்து தொம், தொம், தொம் என்று சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார்.

அங்கே முத்திரைக்காரர் இருந்தார். அவர் ஒரு கையில் முஷ்டி அளவுப் பித்தளை முத்திரை. மறு கையில் இரண்டு கிலோ மரச் சுத்தியல். பெட்டியின் ஒரு மூலையில் முத்திரையை வைத்து ஓங்கி மூன்று அடி. அடுத்த மூலையில் மூன்று அடி. மேலே நான்கு, புரட்டிப் போட்டுக் கீழே நான்கு. எட்டு மூலையிலும் நிலையத்தின் சின்னம் பள்ளமாகப் பதிந்தது.

"ஐயா! என்ன பண்றீங்க?" என்று கத்திவிட்டார் பெட்டிக்காரர்.

"முத்திரை. நீங்க குடுத்த பெட்டியை யாரும் மாத்திடக் கூடாதுல்ல? உங்க பாதுகாப்புக்குத்தான்," என்று முத்திரைக்காரர் அன்பாகச் சொன்னார்.

"ரெண்டு தாளுக்கு நடுவுல அலை அலையா இருக்கற நெளி நசுங்குதே! பெட்டியோட உயிரே மூலையிலதான் இருக்கு. மூலை நசுங்கினா அது பாதிகூடத் தாங்காதே!"

"நெளி என் பிரிவு இல்லீங்க. நான் வெளித்தாள் வரைக்கும்தான்." முத்திரைக்காரர் சுத்தியலைத் துடைத்தார். "இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ஒரு முத்திரைகூட அழிஞ்சதா சரித்திரம் கிடையாது."

அறை மூலையில் மலை படம் போட்ட ஐந்து பெட்டிகள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தன. ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு. முத்திரை அந்தச் சீட்டில் குத்தப்பட்டிருந்தது.

"அதுக்கு மட்டும்?"

"அது மரியாதைக்குரிய பெட்டிங்க. இயக்குநர் ஐயா உக்காந்திருக்கற நாற்காலி அவங்க குடுத்தது. அடிக்க மனசு வருமா?"

பெட்டிக்காரர் நேராக இயக்குநரிடம் போனார். நேராக என்றால், நான்கு மேசைகள், இரண்டு படிவங்கள் வழியாக. இயக்குநர் அந்த நாற்காலியில் சாய்ந்திருந்தார். அது அகலமான, ஆழமான, தோல் போர்த்திய நாற்காலி. உட்கார்ந்தவர் எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்கவேண்டும்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இயக்குநர் சொன்னார்: "நீங்க பெட்டி செய்யறவர். அதனால பெட்டியை மட்டும் பாக்கறீங்க. நாங்க நிலையத்தைப் பாக்கணும். முத்திரை குத்தாத பெட்டியைச் சோதிச்சா நிலையத்துக்கு என்ன மதிப்பு? குத்தின பெட்டி நசுங்குதுன்னா, அது பெட்டியோட குணக்குறை. நிலையத்து முத்திரையையே தாங்க முடியாத பெட்டி மருந்தை எப்படிய்யா தாங்கும்? பலமான பெட்டி எதையும் தாங்கும். முத்திரையையும் சேத்து."

"அப்ப மலை கம்பெனி பெட்டி மேலயும் குத்துங்க சார்."

"அது பலமான பெட்டின்னு எங்களுக்கே தெரியும். தெரிஞ்சதை எதுக்குச் சோதிக்கணும்?"

"தெரிஞ்சா சோதிக்கத் தேவையில்லைன்னா, இந்த நிலையம் எதுக்கு சார்?"

அறையில் நின்றிருந்த நான்கு அதிகாரிகளும் மூச்சை இழுத்துக்கொண்டார்கள். இயக்குநர் சிரித்தார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் மூன்று நாளில் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. முத்திரையின் புனிதத்தைக் கேள்வி கேட்ட குற்றத்துக்காக, 'வலுவற்ற தயாரிப்பாளர்' என்று ஒரு வருஷத்துக்கு அவரை விலக்கி வைத்திருந்தார்கள். கூடவே இன்னொரு செய்தி. மருந்துக் கம்பெனியும் மலை கம்பெனியும் வெள்ளி விழா மேடையிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் போகின்றன.

அன்று பட்டறையில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பின் அடிக்கிற ஆட்களில் ஒருவர் வேறு வேலைக்குச் சொல்லி வைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முப்பது வருஷமாக அதிகாரி என்றால் கை கட்டி நின்ற மனிதர் பெட்டிக்காரர். அந்தக் கைகள் இப்போது சும்மா இருக்க மறுத்தன.

மறுநாள் அவர் நிலையத்துக்குப் போய், விதிப் புத்தகம் ஒன்று விலைக்கு வேண்டும் என்றார். ஜன்னல்காரர் ஆடிப்போய்விட்டார். அச்சடித்த நாளிலிருந்து அதை ஒருவரும் கேட்டதில்லை. பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டியபோது அவருக்கே இரண்டு தும்மல் வந்தது.

மனைவி பசை தடவிக்கொண்டே கேட்க, அவர் உரக்கப் படித்தார். நானூற்று இருபது பக்கம். ஐந்தாம் நாள் நிறுத்தினார்.

"இதைக் கேளு. 'நிலையத்தின் எல்லைக்குள் எப்பயன்பாட்டுக்காகவும் வைக்கப்படும் எந்தப் பெட்டியும் எட்டு மூலைகளிலும் நேரடியாக முத்திரை பெற்றிருத்தல் வேண்டும்.'"

"சரி, அதுக்கென்ன?"

"ஜன்னல்காரர் சொன்னார், விழாவுக்கு மேடைக்குப் பின்னாடி வலிமைச் சுவர்னு ஒண்ணு கட்டறாங்களாம். இருபத்தஞ்சு வருஷக் கோப்பு எல்லாத்தையும் மலை கம்பெனிப் பெட்டியில போட்டு, அறுநூத்தி நாப்பது பெட்டி, எட்டு அடுக்கு."

மனைவியின் பசைத் தூரிகை நின்றது. "ஒரு பெட்டி கோப்பு எவ்வளவு கனம் இருக்கும்?"

"முப்பது கிலோ. அடிப்பெட்டி மேல ஏழு. இருநூத்திப் பத்து. பெட்டிக்குள்ள கோப்பு முக்கால் உயரம்தான் வரும். மேல வெறும் காத்து. பாரம் பூரா பெட்டிச் சுவர்மேலதான்."

"முத்திரை குத்தினா இருநூத்திப் பன்னெண்டு தாங்குமே?"

"மெஷின் அஞ்சு நிமிஷம் அழுத்தும், விட்டுடும். கோப்பு விடாது. காலைல அடுக்கினா மத்தியானத்துக்குள்ள…" பெட்டிக்காரர் உள்ளங்கையை மெதுவாக மேசைமேல் படுக்க வைத்தார்.

மச்சான் கலங்கிப்போனார். "மாமா, யார் மேலயாவது விழுந்துட்டா?"

"அதுக்கும் எழுதறேன் மாப்ளே. அடிபடறது என் நோக்கம் இல்ல. கேவலப்படறதுதான் நோக்கம்."

அன்று அவர் எழுதிய விண்ணப்பத்தைப்போல் பணிவான ஒன்றை நிலையம் அதுவரை கண்டதில்லை. தான் அறியாமையால் பேசிவிட்டதாகவும், தண்டனை தன் கண்ணைத் திறந்துவிட்டதாகவும் எழுதினார். நிலையத்தின் புனித முத்திரை இல்லாமல் வலிமைச் சுவர் நின்றால் இன்ன எண் விதிக்குப் பங்கம் வருமே என்று தன் நெஞ்சு பதறுவதாகச் சொன்னார். பலமான பெட்டி முத்திரையையும் தாங்கும் என்ற இயக்குநரின் பொன்மொழியை ஊருக்கே காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்றார். சுவரின் முழு உயரமும் கண்ணில் பட, விருந்தினர்களை முப்பது அடி தள்ளி உட்கார வைத்து, மேடையில் இயக்குநர் ஒருவர் மட்டும் வீற்றிருப்பதே அழகு என்றும் முடித்தார்.

இயக்குநர் அதை அதிகாரிகளுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். "பாத்தீங்களா? ஒரு விலக்கு உத்தரவு மனுஷனை எப்படிப் பக்குவப்படுத்துது! இவனைப்போல ஊர்ல பத்துப் பேர் மேல உத்தரவு போடணும்."

சோதனை அதிகாரி மட்டும் தொண்டையைக் கனைத்தார். "ஐயா, நெளி கொஞ்சம்…"

"உங்களுக்கு மலை கம்பெனி பெட்டி மேல சந்தேகமா, நம்ம முத்திரை மேல சந்தேகமா?"

எதன்மேல் சந்தேகப்பட்டாலும் வேலை போய்விடும் என்பதால் சோதனை அதிகாரி இரண்டையும் நம்பினார்.

முத்திரைக்காரர் ஒன்பது நாள் அடித்தார். ஐயாயிரத்து நூற்று இருபது மூலைகள், மூலைக்கு மூன்று அடி. அவர் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. கை வீங்கி, கட்டுப்போட்டுக்கொண்டு, இடக்கையால் அடித்து முடித்தார்.

விழா அன்று காலை எட்டு மணிக்குச் சுவர் எழுந்தது. பதினோரு மணிக்குக் கூடம் நிரம்பியது. முன்வரிசையில் மலை கம்பெனி முதலாளி, மருந்துக் கம்பெனி மேலாளர், நிலையத்தின் தலைமையகத்திலிருந்து வந்த ஓர் அம்மா. குட்டையான உருவம், பெரிய கண்ணாடி; கைப்பையில் எப்போதும் ஒரு பேனாவும் நோட்டும். கடைசி வரிசையில் பெட்டிக்காரர், மனைவி, மச்சான். அவர்களைச் சுற்றி, நிலையம் 'தகுதியில்லை' என்று எழுதியதால் கடையை மூடிய பழைய பெட்டிக்காரர்கள் இருபது, முப்பது பேர். அவர்களையும் பெட்டிக்காரர்தான் வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. "வாங்க, நல்லா இருக்கும்," என்று மட்டும் சொல்லியிருந்தார்.

மேடையில் அந்தத் தோல் நாற்காலியில் இயக்குநர் அமர்ந்திருந்தார். எழுந்து பேசுவது சிரமம் என்பதால் சட்டையில் ஒலிவாங்கியைக் குத்திக்கொண்டு உட்கார்ந்தபடியே பேசினார்.

"நண்பர்களே, வலிமை என்றால் என்ன? மேலே இருப்பவர் கீழே இருப்பவர்மேல் சுமையை வைக்கிறார். கீழே இருப்பவர் முனகாமல் தாங்குகிறார். அதுதான் வலிமை. நான் இங்கே வந்து பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சுமையைக்கூட நானாகச் சுமந்ததில்லை…"

பின்னால் மொறு, மொறு என்று ஒரு சத்தம் கேட்டது. இயக்குநர் அதைக் கைதட்டலின் ஆரம்பம் என்று நினைத்துத் தலையசைத்தார்.

பெட்டிக்காரர் கண்ணிமைக்கவில்லை. அடிவரிசையில் இடப்பக்கம் மூன்றாவது பெட்டியின் வயிறு முதலில் உப்பியது. பிறகு அதன் பக்கத்துப் பெட்டி. மூலை ஒன்று சீப்பை மடக்கியதுபோல உள்ளே மடங்கியது. "இப்ப நாலாவது," என்று மச்சான் காதில் சொன்னார். நாலாவது மடங்கியது. "இப்ப மொத்தமும்."

"…பலமான பெட்டி எதையும் தாங்கும் என்பதற்கு என் முதுகுக்குப் பின்னால் நிற்கும் இந்தச் சுவரே சாட்சி!" என்றார் இயக்குநர்.

சாட்சி குனிந்தது. பிறகு நிதானமாக, கீழே எதையோ தேடுகிறவரைப்போல முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. இருபத்தைந்து வருஷக் கோப்புகள் வாய் பிளந்த பெட்டிகளிலிருந்து சரிந்து வந்து மேடையை நிறைத்தன. தூசி அடங்கியபோது இயக்குநர் நெஞ்சு வரை காகிதத்தில் இருந்தார். நாற்காலி அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு கீறல் இல்லை. கைகள் இரண்டும் வெளியே இருந்தன. ஒலிவாங்கியும் வேலை செய்தது.

தலைமையகத்து அம்மா எழுந்து மேடைப் பக்கம் போனாள். நசுங்கிய பெட்டி ஒன்றைக் காலால் புரட்டினாள்.

"யார் செஞ்ச பெட்டி?"

"மலை கம்பெனிம்மா," என்றார் இயக்குநர். கூடத்தின் எட்டு ஒலிபெருக்கிகளும் அதையே சொல்லின.

"எவ்வளவு தாங்கும்னு சான்று குடுத்தீங்க?"

"நானூத்திப் பன்னெண்டு கிலோம்மா."

"அடிப்பெட்டி மேல எவ்வளவு இருந்துச்சு?"

இயக்குநருக்குத் தெரியவில்லை. கடைசி வரிசையிலிருந்து பெட்டிக்காரர் எழுந்தார். "இருநூத்திப் பத்தும்மா."

"நானூறு தாங்கற பெட்டி இருநூறுல ஏன் சார் படுத்துச்சு? உங்க சான்று பொய்யா?"

முன்வரிசையில் மலை கம்பெனி முதலாளி இயக்குநரை ஒரு பார்வை பார்த்தார். இயக்குநர் அவசரமாகச் சொன்னார்: "சான்று சத்தியம்மா! பெட்டி பலமானதுதான். முத்திரை குத்தினதுல மூலையில நெளி நசுங்கிடுச்சு. நெளி நசுங்கினா எந்தப் பெட்டியும் பாதிகூடத் தாங்காதும்மா. இது பெட்டி செய்யற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

வெளியே தெருவில் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். கடைசி வரிசையில் பழைய பெட்டிக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"அப்படீன்னா," என்றாள் அந்த அம்மா, நோட்டைத் திறந்துகொண்டே, "மத்தவங்க பெட்டியையெல்லாம் முத்திரை குத்திட்டுத்தான சோதிச்சீங்க?"

"ஆமாம்மா… விதிப்படி…"

"மலை கம்பெனிப் பெட்டியை?"

அந்த அம்மா காலடியில் கிடந்த ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "மலை கம்பெனி. சோதனை முடிவு நானூத்திப் பன்னெண்டு. தேதி, அடுத்த வருஷம் மார்ச் ஏழு." இன்னொரு தாளை எடுத்தாள். "நானூத்திப் பன்னெண்டு. அடுத்த வருஷம் ஏப்ரல். ஏன் சார், இந்தப் பெட்டியெல்லாம் இன்னும் பொறக்கவே இல்லையே?"

"வேலைப்பளு அதிகம்மா. முன்கூட்டியே எழுதி வச்சா பின்னால சௌகரியம்…"

மலை கம்பெனி முதலாளி எழுந்து பக்கவாட்டுக் கதவைப் பார்த்து நடந்தார். கதவில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். நூற்று நான்கு கிலோ, அசையவில்லை.

"ஒரு காகிதத்தையும் யாரும் தொடக் கூடாது. ஒவ்வொண்ணா எண்ணி எழுதணும்," என்று அந்த அம்மா உத்தரவு போட்டாள்.

"அம்மா… நான்?"

"நீங்களும் அதுக்குள்ளதான சார் இருக்கீங்க. அதுவரைக்கும் இருங்க."

பெட்டிக்காரர் முன்னால் வந்து, முதல் தடவையாகக் கை கட்டாமல் நின்றார். "அம்மா, என் பெட்டியைச் சோதிக்கணும். இன்னிக்கே. முத்திரை இல்லாம, எல்லார் முன்னாலயும்."

வண்டியில் பட்டறைக்குப் போய் பெட்டிகளை எடுத்து வந்தார்கள். ஓய்வெல்லாம் வேண்டாம், இது உழைக்கிற பெட்டி, அப்படியே வையுங்கள் என்றாள் அவர் மனைவி. இயந்திரத்தின் மேல்தட்டு நகம் வளர்கிற வேகத்தில் இறங்கியது. சோதனை அதிகாரி எண்களை ஒலிபெருக்கியில் வாசித்தார். இருநூறு. இருநூற்று ஐம்பது. மேடையில் காகிதத்துக்குள் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். முந்நூறு. நானூறு. பெட்டிக்காரர் மனைவி தன் கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். நானூற்று முப்பத்தொன்றில்தான் பெட்டி முனகியது.

மருந்துக் கம்பெனி மேலாளர் ஒப்பந்தத் தாளோடு ஓடி வந்தார். "உங்களுக்குத்தாங்க. சான்றிதழ் மட்டும் கையில வந்துட்டா, இங்கயே கையெழுத்துப் போட்டுடலாம்."

விலக்கு உத்தரவை அங்கேயே கிழித்த அம்மா சொன்னாள்: "சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் இவர்தான் இயக்குநர். இவரே போடட்டும். விண்ணப்பதாரர் படிச்சுப் பாத்து, எல்லாம் சரின்னு சொன்னதும் மேடையில கெடக்கற காகிதத்தை எண்ணி எடுக்கற வேலையை ஆரம்பிங்க."

சான்றிதழை நசுங்கிய பெட்டி ஒன்றின்மேல் வைத்து நீட்டினார்கள். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெட்டிக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "ஐயா," என்றார். அந்த வார்த்தையைச் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. நாக்கு இரண்டு தடவை தடுக்கியது. "ஐயா, கால் மரத்துப்போச்சு. கொஞ்சம் சீக்கிரம் சரின்னு சொல்லிடுங்க."

பெட்டிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்து மேடைக்கு எதிரே, இயக்குநருக்கு நன்றாகத் தெரியும்படி போட்டார். உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்தார், துணியால் துடைத்தார், மாட்டிக்கொண்டார். சான்றிதழ் முன்னும் பின்னுமாக நான்கு பக்கம், பொடி எழுத்து. முதல் வரியைப் படித்தார். ஒரு நிமிஷம் யோசித்தார். அதையே மறுபடி முதலிலிருந்து படித்தார்.

மனைவி ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

"எழுத்துக் கூட்டிப் படிங்க," என்றாள். "நமக்கென்ன அவசரம்?"